ஊருக்கு நல்லவர், வீட்டில் வேறொருவர்

கேள்வி: எனக்குத் திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. உறவினர்களிடமும் அலுவலகத்திலும் என் கணவருக்கு மிக நல்ல பெயர். வீட்டிலோ அவர் சொல்வது மட்டுமே சரி. எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைச் சொன்ன நாளிலிருந்து ஒன்பது நாட்கள் அவர் என்னிடம் பேசவில்லை. கடைசியில், செய்த தவறு என்னவென்றே தெரியாமல் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். யூடியூபில் பார்த்தவற்றை வைத்து இவர் ஒரு ‘நார்சிசிஸ்ட்’ (தன்மோகம் கொண்டவர்) என்று நினைக்கிறேன். இது நோயா? இவர் மாறுவாரா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீரில் தெரிந்த தன் உருவத்தின் மீதே மையல் கொண்டு மாய்ந்துபோன கிரேக்கப் புராண இளைஞன் நார்சிசஸின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. 1914-இல் சிக்மண்ட் பிராய்ட் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது ஆளுமைக் கோளாறுகளில் ஒன்றாக இடம்பெற்றது. அக்கையேடு கூறும் ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து, இளம்வயது தொட்டு, வாழ்க்கையின் பல தளங்களிலும் விடாமல் காணப்பட்டால்தான் அதைக் கோளாறு என்பார்கள். அதையும் நேரில் பேசிப் பார்த்த மருத்துவரோ பயிற்சி பெற்ற உளவியலாளரோதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்வது முறையாகாது. உங்கள் கணவரைப் பார்த்தேயிராத காணொளிக்காரர் சொல்வதும் முறையாகாது.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நடத்தை எனக்குப் புதிதல்ல. இத்தகையவர்களின் சுயமதிப்பு, பிறர் ஊற்றும் எண்ணெயில் எரிகிற விளக்கைப் போன்றது. வெளியே நான்கு இனிய சொற்களுக்கு நாற்பது பாராட்டுகள் கிடைப்பதால் அங்கே விளக்கு நன்றாகவே எரிகிறது. வீட்டிலோ கூடவே வாழ்பவருக்குக் குறைகளும் தெரியும். மனைவியின் பதவி உயர்வு என்பது அவரைப் பொறுத்தவரை உங்களைப் பற்றிய செய்தியே அல்ல. தாம் ஒரு படி இறக்கப்பட்டதாகவே அது அவருக்குப் படுகிறது. ஒன்பது நாள் மௌனம் அதற்கான தண்டனை என்றால், நீங்கள் கேட்ட மன்னிப்புதான் அணைய இருந்த விளக்கில் மறுபடி ஊற்றிய எண்ணெய். இதையெல்லாம் திட்டமிட்ட நாடகம் என்றும் எண்ணிவிடாதீர்கள். தாம் செய்வது என்னவென்று பலருக்குத் தெரிவதேயில்லை. தற்பெருமை பேசாமல், ‘என்னை யாரும் புரிந்துகொள்வதில்லை’ என்று எப்போதும் காயம்பட்டவராகவே இருப்போரிடமும் இதே மனநிலை உண்டு. அவர்களை அடையாளம் காண்பது இன்னும் கடினம்.

மாறுவாரா என்றால், இக்கோளாறுக்கென்று தனி மருந்து கிடையாது. நீண்ட காலப் பேச்சுவழிச் சிகிச்சையால் சிலர் மாறுகிறார்கள். ஆனால் அதற்கு அவரே விரும்பி வர வேண்டும். வேலை போனாலோ மனச்சோர்வு வந்தாலோதான் பெரும்பாலும் வருகிறார்கள். ‘நீங்கள் ஒரு நார்சிசிஸ்ட்’ என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை; மறுநாளே அந்தப் பட்டம் உங்கள் தலையில் ஏறிவிடும்.

உங்கள் கையில் இருப்பது வேறு. காரணம் தெரியாத மன்னிப்பை இனிக் கேட்காதீர்கள். ‘என்ன வருத்தம் என்று சொன்னால் பேசலாம்’ என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் சம்பளக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். தோழிகளையும் பிறந்த வீட்டையும் விட்டுவிடாதீர்கள். நடந்ததைத் தேதியிட்டு எழுதி வையுங்கள், ஏனெனில் ‘அப்படி நான் சொல்லவே இல்லை’ என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டால் உங்கள் நினைவின் மீதே உங்களுக்கு ஐயம் வந்துவிடும். இழிவான பேச்சையும் பணத்தைப் பறித்து வைத்துக்கொள்வதையும்கூட 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வன்முறையாகவே கருதுகிறது. அந்நிலை வந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். மனப்பாரத்தைப் பேசித் தீர்க்க, அரசின் டெலி மானஸ் சேவையின் எண் 14416.

கேள்வி: ‘உன்னைப் போல உலகத்தில் யாருமில்லை’ என்று சொல்லிச் சொல்லியே என் தாயார் ஒன்பது வயதுப் பேரனை வளர்க்கிறார். இது அவனைத் தன்மோகம் கொண்டவனாக ஆக்கிவிடுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: நெதர்லாந்தில் 565 பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. மற்ற பிள்ளைகளைவிட உயர்ந்தவன் என்று பெற்றோர் கருதிய பிள்ளைகளிடம் பின்னாளில் தன்மோகம் கூடியது; அன்பைக் காட்டி வளர்த்த பிள்ளைகளிடம் கூடியது சுயமதிப்பு. ஆகவே பாட்டி கொஞ்சட்டும், திருஷ்டியும் சுற்றிப் போடட்டும். ‘எதிர்வீட்டுப் பையனுக்கு இது வருமா?’ என்று ஒப்பிடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: அடிக்கடி செல்ஃபி எடுப்பதால் தோழிகள் என்னை ‘நார்சிசிஸ்ட்’ என்கிறார்கள். உண்மையா?
— கல்லூரி மாணவி, கோவை

பதில்: படம் எடுப்பதால் மட்டும் யாரும் அப்படி ஆவதில்லை. தோழிகள் எல்லாரும் அழகாக விழுந்து, உங்கள் கண்கள் மட்டும் மூடியிருக்கும் குழுப்படத்தை நீங்கள் மனதாரப் பகிர்வீர்களா என்று பாருங்கள்.