பதின்வயதுப் பிள்ளைகள் இப்போது வரும் நாவல்களைப் பற்றி உண்மையில் என்னதான் நினைக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் ஒரு அப்பா. விருது வாங்கிய ஆங்கில நாவலாகத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தும் 14 வயது மகள் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லையாம். ஆனால் தோழிகளோடு வேறு ஏதோ ஒரு நாவலைப் பற்றி மணிக்கணக்கில் போனில் பேசுகிறாளாம். பெரியவர்கள் நல்லது என்பதும் பிள்ளைகளுக்குப் பிடிப்பதும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்கிறார்.

நான் லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள் நூலக மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாவல்களைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். நூலகத்துக்குள் சாப்பிடக் கூடாது என்பது விதி. வியாழக்கிழமை மட்டும் நான் கண்டும் காணாமல் இருந்துவிடுவேன். அந்த மேசையில் கேட்டதை வைத்துத்தான் எழுதுகிறேன். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம், என் காதில் விழுந்த மாதிரி இங்கே தமிழில் போடுகிறேன்.

பிரிட்டனில் சிறுவர், இளையோர் நூல்களுக்கு 1936-லிருந்து கார்னகி பதக்கம் கொடுக்கிறார்கள். நடுவர்கள் நூலகர்கள். மார்ச் வாக்கில் இறுதிப் பட்டியல் வரும், ஜூனில் முடிவு. நடுவே இருக்கும் மூன்று மாதத்தில் நாடு முழுக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் அதே புத்தகங்களைப் படித்து, நடுவர்களைப் போலவே வாதாடி, கடைசியில் தாங்களும் வாக்களிக்கிறார்கள். 'ஷேடோயிங்' என்று பெயர், நடுவர்களுக்கு நிழலாகக் கூடவே போவது. பிள்ளைகள் வாக்கில் ஜெயிக்கும் புத்தகத்துக்குத் தனிப் பதக்கம் உண்டு. ஆக உங்கள் கேள்விக்கு இங்கே வருடா வருடம் பரீட்சை மாதிரி விடை வந்துகொண்டே இருக்கிறது.

2023-ல் நடுவர்கள் மானன் ஸ்டெஃபன் ராஸ் எழுதிய 'த ப்ளூ புக் ஆஃப் நெபோ'வுக்குக் கொடுத்தார்கள். வெல்ஷ் மொழியில் எழுதி, அவரே ஆங்கிலத்தில் ஆக்கிய நாவல். மொழிபெயர்ப்பு நூல் ஒன்று கார்னகி வாங்கியது அதுவே முதல் தடவை. உலகம் அணு விபத்தில் அழிந்துபோன பிறகு, வேல்ஸில் ஒரு மலைக்கிராமத்துப் பக்கம் ஒரு அம்மாவும் 14 வயது மகன் டிலனும் குட்டித் தங்கையும் மட்டும் காய்கறி போட்டுப் பிழைக்கிறார்கள். அம்மாவும் மகனும் ஒரு நீல நோட்டில் மாற்றி மாற்றி எழுதுவதுதான் மொத்தக் கதை. சின்ன மொழியிலிருந்து வந்து பெரிய பந்தியில் உட்கார்ந்த புத்தகம் என்பதாலேயே நான் அதன் கட்சி. எங்கள் மேசையில் அதைப் பற்றி முதலில் வந்த அபிப்பிராயம்: "மிஸ், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுமே நடக்கலையே."

அதே வருடம் பிள்ளைகள் வாக்கில் ஜெயித்தது ரூட்டா செபெடிஸின் 'ஐ மஸ்ட் பிட்ரே யூ'. 1989, ருமேனியா, சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஆட்சியின் கடைசி மாதங்கள். கிறிஸ்டியன் என்ற 17 வயதுப் பையனை ரகசியப் போலீஸ் மிரட்டி உளவாளி ஆக்குகிறது. வெறும் மிரட்டலாக இருந்தால் அவன் மறுத்திருப்பான். வீட்டில் தாத்தா நோயாகக் கிடக்கிறார், அவருக்கு மருந்து தருகிறோம் என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அதுவரை சிப்ஸ் பாக்கெட்டை நொறுக்கிக்கொண்டிருந்தவன், "எங்க பாட்டிக்கு மருந்து தர்றேன்னு சொன்னா நானும் காட்டிக் கொடுத்திருப்பேன்" என்றான். மேசை கப்சிப். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "யாரைக் காட்டிக் கொடுப்பே? என்னையா?" என்று கேட்டாள். அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "உன்னைத் தெரியாது எனக்கு. அதனால ஆமா" என்றான். அப்புறம் மணி அடிக்கும்வரை என் வாய்க்கு வேலையே இல்லை. சிப்ஸ் பொடியைத் துடைத்ததுதான் நான் செய்தது.

'ஒண்ணுமே நடக்கல' என்பதைப் பொறுமையில்லாத தலைமுறையின் புலம்பல் என்றுதான் நானும் முதலில் எடுத்துக்கொண்டேன். போகப் போகத்தான் புரிந்தது. அவர்கள் அடிதடியைக் கேட்கவில்லை, கதாபாத்திரம் ஒரு முடிவெடுக்கிற இடத்தைத் தேடுகிறார்கள். அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்த்து "நான் என்ன செய்வேன்" என்று கேட்க முடிந்தால் புத்தகம் பாஸ். டிலனின் அம்மா எடுத்த முடிவுகளெல்லாம் ஒரு நாற்பது வயதுக்காரிக்குத்தான் நெஞ்சில் குத்தும். எனக்குக் குத்தியது. அவர்களுக்கு ஏன் குத்த வேண்டும்?

நான் கெடுத்த கூட்டம் ஒன்றும் உண்டு. குழு ஆரம்பித்த புதிதில், 'இந்த நாவலிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?' என்று ஐந்து கேள்வியோடு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன். எல்லாரும் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தார்கள். 'நட்பு முக்கியம்.' 'பொய் சொல்லக் கூடாது.' பதினொரு தாளிலும் அச்சு மாறாமல் இதே. அடுத்த வாரம் வந்தது நாலு பேர். அந்தத் தாளை அதற்கப்புறம் நான் எடுக்கவே இல்லை. இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: "எந்தப் பக்கத்துல நிறுத்தின?" முடிக்காதவனிடம்தான் கேட்பேன். முடிக்காமல் விட்டதை அவர்கள் 'டி.என்.எஃப்.' ('டிட் நாட் ஃபினிஷ்') என்று பெருமையாகவே சொல்வார்கள். எங்கே விட்டான், ஏன் விட்டான் என்று கேட்டால் முழுதாகப் படித்தவனைவிடத் துல்லியமாக விமர்சனம் வரும். "41-ஆம் பக்கம் மிஸ். அவன் அவளுக்கு அனுப்புற மெசேஜைப் பாருங்க, முற்றுப்புள்ளியெல்லாம் வச்சு! யாரு மிஸ் இப்படி அனுப்புவா?" ஐம்பது வயது எழுத்தாளர் பதினைந்து வயது ஆளாக வேஷம் போடுவது ஒரு முற்றுப்புள்ளியில் வெளுத்துவிடுகிறது.

2024-ல் ஒரு வேடிக்கை நடந்தது. நடுவர்கள் தேர்ந்தெடுத்ததும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்ததும் இரண்டுமே கவிதை வடிவ நாவல். நடுவர்களுடையது ஜோசஃப் கோயெல்யோவின் 'த பாய் லாஸ்ட் இன் த மேஸ்'. அப்பாவைத் தேடும் இன்றைய லண்டன் பையனையும் கிரேக்கப் புராணத்துத் தீசியஸையும் பின்னிப் பின்னிச் சொல்வது. பிள்ளைகளுடையது டியா ஃபிஷரின் 'க்ராஸிங் த லைன்'. இதைப் புரிந்துகொள்ள 'கவுண்டி லைன்ஸ்' என்றால் என்னவென்று தெரிய வேண்டும். பெருநகரத்துப் போதைக் கும்பல்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்து, சரக்கைக் கொடுத்து, ரயிலேற்றிச் சின்ன ஊர்களுக்கு அனுப்புவது. ஆர்டர் எடுக்கும் போன் லைனிலிருந்து அந்தப் பெயர் வந்தது. எரிக் என்ற பையன் அதில் எப்படி உள்ளே இழுக்கப்படுகிறான் என்பதுதான் கதை. இங்கே பள்ளிகளில் இதைப் பற்றிப் போலீஸ் வந்து பேசும், போஸ்டர் ஒட்டுவார்கள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

எந்தப் புத்தகத்தையும் தொடாத ஒருவன் அந்த நாவலைப் புரட்டிப் பார்த்தான். பக்கத்தில் பாதி வெள்ளையாக இருந்தது. "இதுல வார்த்தையே கம்மி மிஸ், இதைத் தாங்க" என்று வாங்கிப் போனான். திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே கவுண்டர் மேல் கொண்டுவந்து வைத்தான். "போஸ்டர்ல இருக்கிறவன் முட்டாள் மாதிரி இருக்கான். இவன் முட்டாள் இல்ல. ஒவ்வொரு தடவையும் அவன் சரின்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு." இதைவிட நல்ல மதிப்புரையை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை. கவிதையில் எழுதினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று நம்மூரில் நினைப்போம். இங்கே தலைகீழ். பக்கம் சீக்கிரம் புரள்கிறது, 'நான் பாதி முடிச்சிட்டேன்' என்ற தெம்பு வருகிறது. தடிமன் புத்தகத்தைப் பார்த்தாலே மிரள்கிறவர்களுக்கு அந்த வெள்ளை இடம்தான் வாசல்.

விருதுப் பட்டியலுக்கு வெளியேதான் சத்தம் அதிகம். 2025 மார்ச்சில் சுசேன் காலின்ஸின் 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்' வந்தபோது ஒரு மாதத்துக்கு வேறு பேச்சில்லை. முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் 15 லட்சம் பிரதி விற்றது. 'ஹங்கர் கேம்ஸ்' என்பது பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு அரசாங்கமே டிவியில் காட்டும் போட்டி. அந்த வரிசையின் குடிகாரக் குரு ஹேமிச், 16 வயதில் 50-ஆவது போட்டிக்குப் போன கதை இது. வழக்கமாக 24 பேர், அந்த வருடம் இரண்டு மடங்கு, 48 பேர். அவன்தான் ஜெயிப்பான் என்று 2009-ல் வந்த இரண்டாம் நாவலிலேயே சொல்லியாகிவிட்டது. முடிவு தெரிந்த கதையை 400 பக்கம் எதற்குப் படிப்பது, காசு பார்க்கும் வேலை என்று ஒரு கட்சி. பழைய நாவல்களின் ஆட்களெல்லாம் வரிசையாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள், கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்றும் அதே கட்சி சொன்னது (கல்யாண வீடு என் சரக்கு, அந்தக் கட்சிக்காரி சொன்னது குடும்ப வாட்ஸ்அப் குரூப்). எதிர்க்கட்சியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. "இரண்டாவது புத்தகத்துல நாம பார்த்தது என்ன? காட்னிஸ் (அந்த வரிசையின் நாயகி) பார்த்த பழைய போட்டி டேப். அது அரசாங்கம் வெட்டி ஒட்டின டேப். பதினாறு வருஷமா நாமளும் அதை நம்பிட்டு இருந்திருக்கோம்" என்றாள். அந்தப் பதினாறு வருடத்தில் ஒன்றரை வருடம் அவள் பிறக்கவே இல்லை. 'நாம' என்று சொன்னாள் பாருங்கள், அதுதான் வாசகி.

ஹாலி ஜாக்ஸனின் 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' இன்னொரு நிரந்தரச் சண்டை. பிப் என்ற மாணவி பள்ளி புராஜெக்ட் என்ற பெயரில் பழைய கொலைவழக்கைக் கிளறும் கதை. 2019-ல் வந்தது, அதற்குப் பிறகு டிவி தொடராகவும் வந்துவிட்டது. ஒருநாள் இரண்டு பெண்கள் ஊர்ப் பெயரில் மோதிக்கொண்டார்கள். ஒருத்தி 'லிட்டில் கில்டன்' என்கிறாள், இன்னொருத்தி 'ஃபேர்வியூ' என்று சத்தியம் செய்கிறாள். இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டாமவளுடையது நியூஜெர்சி பெரியம்மா மகள் படித்துவிட்டுக் கொடுத்தது. அமெரிக்கப் பதிப்பில் கதையையே கனெக்டிகட்டுக்குக் குடிமாற்றியிருக்கிறார்கள்! "அவங்களுக்கு இங்கிலாந்துன்னா புரியாதா? நாம அவங்க கதையெல்லாம் அப்படியேதானே படிக்கிறோம்?" என்று ஒரே கொதிப்பு. மூன்றாம் புத்தகத்தில் பிப் செய்யும் காரியம் நியாயமா என்ற வாதத்தை இங்கே எழுதினால் என்னைக் கொன்றுவிடுவார்கள்.

2025 கார்னகிக்கு வருகிறேன். நடுவர்கள் மார்கரெட் மெக்டொனால்டின் 'கிளாஸ்கோ பாய்ஸ்' என்றார்கள். அரசுப் பராமரிப்பில் வளர்ந்து, ஒரு காலத்தில் சேர்ந்திருந்து பிரிந்துபோன ஃபின்லே, பாஞ்ஜோ என்ற இரண்டு பையன்கள். பேச்செல்லாம் கிளாஸ்கோ வழக்கு. கரிசல்காட்டுக் கதையைச் சென்னைப் பிள்ளை கையில் கொடுத்தால் முதல் பத்துப் பக்கம் எப்படித் திக்குமோ அப்படித் திக்கினார்கள். வாய்விட்டுப் படித்த பிறகு சரியாகிவிட்டது. பிள்ளைகள் வாக்கு நதனியல் லெஸ்ஸோரின் 'கிங் ஆஃப் நத்திங்'குக்குப் போனது. பள்ளியில் எல்லாரும் பயப்படும் ஆன்டன், யாரும் சேர்த்துக்கொள்ளாத மாத்யூவோடு சிக்கிக்கொள்ளும் கதை. படித்துக்கொண்டே மூக்கு வழியாக ஜூஸ் வரச் சிரித்தான் ஒருவன், அந்தப் பிரதியின் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. சிரிப்பு வரும் புத்தகத்துக்குப் பெரியவர்கள் பரிசு கொடுக்கக் கூச்சப்படுகிறோம் என்பது என் சந்தேகம். எங்கள் குழுவுக்குள் சீட்டுப் போட்டுப் பார்த்ததில் ஆன்டனுக்கு ஒன்பது, கிளாஸ்கோவுக்கு மூன்று. மூன்றில் ஒன்று என்னுடையது.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், அந்த முப்பதாம் பக்கத்தைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். எந்த இடத்தில் நிறுத்தினாய் என்று கேளுங்கள், பதிலுக்குப் பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். விருதுப் புத்தகத்தை அலமாரியில் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இந்த வயதுக்கான நாவல்களில் காதலும் வன்முறையும் எவ்வளவு என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், அதனால் வாங்கும்முன் நீங்களும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது நல்லது. 'கிளாஸ்கோ பாய்ஸ்' எல்லாம் எங்கள் நூலகத்தில் பெரிய வகுப்புகளுக்குத்தான்.

ஒன்று கவனித்தேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த நாவலின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அவள் மணிக்கணக்காகப் பேசுகிற நாவலின் பெயரை எழுதவில்லை. கேட்டுச் சொல்லுங்கள், வியாழக்கிழமை மேசையில் விசாரித்து வந்து எழுதுகிறேன்.