ஓர் ஊர், ஒரு படகு: இங்கிலீஷ் கேள்வி-பதில்

வேலைத் தேர்வுகளைப் பற்றிப் போன மாதம் இரண்டு வரி எழுதினேன், அவ்வளவுதான், நம் ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: கணக்கு வருகிறது, பொது அறிவு வருகிறது, இங்கிலீஷ்தான் காலை வாருகிறது. நானும் அப்படி இரண்டு தடவை விழுந்து எழுந்து மூன்றாவது தடவையில் வங்கிக்குள் நுழைந்தவள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, டிகிரி முடித்துவிட்டு விசைப்படகில் வேலைக்குப் போகிறேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள்தான் எனக்குச் சேர்ந்தாற்போலக் கிடைக்கிற நேரம். முன்னூறு கிராமர் விதி உள்ள புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கு அதை 61 நாளில் முடித்துவிட முடியுமா? (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: முடியாது தம்பி, முடிக்கவும் வேண்டாம். புத்தகம் வாங்கின காசு போனால் போகிறது, சந்தேகம் வரும்போது மட்டும் எடுத்துப் பாருங்கள். எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு 100 கேள்வி, அதில் இங்கிலீஷ் 25, கேள்விக்கு 2 மார்க். அந்த 25-லும் பிழை கண்டுபிடி, வாக்கியத்தைத் திருத்து என்று கிராமரை நேராகக் கேட்பது ஒரு பங்குதான். மீதியெல்லாம் ஒத்த சொல், எதிர்ச்சொல், மரபுத்தொடர், ஸ்பெல்லிங், கோடிட்ட இடங்களோடு வருகிற பத்தி.

எனக்கும் ஒரு கோச்சிங் சென்டரில் (ஊர் பேர் எதற்கு) நூறு பக்க ஜெராக்ஸ் கட்டு கொடுத்தார்கள். தூக்கத்தில் எழுப்பி விதி எண்ணைக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் அதே பிழை ஒரு வாக்கியத்துக்குள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால் தெரியாது. ஏனென்றால் நாம் செய்கிற தப்பில் பாதி, விதி தெரியாததால் வருவதில்லை, தமிழில் யோசித்து இங்கிலீஷில் இறக்குவதால் வருகிறது. அந்த இடங்கள் அதிகம் இல்லை. அவற்றைப் பிடித்துவிட்டால் போதும்.

இப்படிப் பாருங்கள். 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பது மனசில் ஓடுவதால் கை தானாக 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று எழுதும். அந்த 'பற்றி' டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, 'அபௌட்' தேவையில்லை. 'மூன்று வருடமாக இங்கே இருக்கிறாள்' என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவோம், அதனால் 'ஷி இஸ் லிவிங் ஹியர்' என்று தொடங்கிவிடுகிறோம். இங்கிலீஷுக்கு அங்கே 'ஷி ஹாஸ் பீன் லிவிங்' வேண்டும். கூடவே, எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்', எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்'. அப்புறம் நம்முடைய 'என்று'. 'நீ எங்கே போகிறாய் என்று கேட்டான்' என்றால் அவன் கேட்ட கேள்வியை நாம் கை வைக்காமல் அப்படியே வைத்துவிட்டு 'என்று' சேர்க்கிறோம். அதே பழக்கத்தில் 'ஹி ஆஸ்க்ட் வேர் ஆர் யூ கோயிங்' என்று எழுதினால் தப்பு. அங்கே ஆள், காலம், சொல்வரிசை மூன்றும் திரும்ப வேண்டும்: 'ஹி ஆஸ்க்ட் வேர் ஐ வாஸ் கோயிங்'.

எனக்குப் பிடித்த பொறி ஒன்று உண்டு. 'படகுகளில் ஒன்று வரவில்லை' என்று சொல்லும்போது 'ஒன்று' வினைக்குப் பக்கத்திலேயே நிற்பதால் தமிழில் நமக்குக் குழப்பமே வராது. இங்கிலீஷில் அது தலைகீழ். 'ஒன் ஆஃப் த போட்ஸ்' என்று படகுகள் வந்து வினைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், அதைப் பார்த்து ஏமாந்து 'ஹாவ்' போடுவோம். 'ஒன்' என்பதைப் பார்த்து 'ஹாஸ்' போட வேண்டும். தேர்வுக்காரர்கள் இந்த இடைவெளியை இன்னும் நீட்டி, நடுவில் ஏழெட்டுச் சொல்லைத் திணித்துக் கேட்பார்கள்.

தடைக்காலம் என்றாலும் 61 நாளும் உங்கள் கையில் இருக்காது என்று எனக்குத் தெரியும். படகைக் கரையேற்றி மராமத்து, பெயின்ட் என்று பாதி நாள் போய்விடும். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துக்கொண்டு, தினமும் ஒரு பழைய கேள்வித்தாளின் 25 இங்கிலீஷ் கேள்வியைக் கடிகாரம் வைத்து 15 நிமிடத்தில் போடுங்கள். மீதி முக்கால் மணி நேரம் தப்பானவற்றுக்கு. ஒவ்வொரு தப்பையும் முழு வாக்கியமாக நோட்டில் எழுதி, பக்கத்தில் 'தமிழில் எப்படி யோசித்தேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். வலை எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கேதானே ஊசி போடுவீர்கள்? முழு வலையையும் பிரித்துப் பின்ன மாட்டீர்களே, அதே மாதிரிதான். தடை முடிகிற ஜூன் 14-க்குப் பிறகு கடலுக்குப் போகாத நாட்களில் அந்த நோட்டை மட்டும் பார்த்தால் போதும்.

கேள்வி: ஏ, ஆன், த மூன்றும் என்னைப் படுத்துகின்றன. தமிழிலேயே இல்லாத ஒன்றை எப்படிப் பிடிப்பது அக்கா? (வேதாளை வாசகி)

பதில்: இல்லை என்று யார் சொன்னது தங்கச்சி? ஓர் ஊர், ஒரு படகு. உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்', மற்றதற்கு 'ஒரு' என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா அடித்துச் சொல்லிக்கொடுத்ததுதான் 'ஆன்', 'ஏ'. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும், இங்கிலீஷில் எழுத்தைப் பார்க்காதீர்கள், வாயில் வருகிற ஒலியைப் பாருங்கள். மணி நேரத்தைக் குறிக்கிற 'அவர்' என்ற சொல்லை 'எச்' போட்டு எழுதினாலும் வாயில் அகரம்தான் வருகிறது, அதனால் 'ஆன்'. 'யுனிவர்சிட்டி'யை 'யூ' போட்டு எழுதினாலும் வாயில் யகரம் வருகிறது, அதனால் 'ஏ'.

'த'வுக்கும் நம்மிடம் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், இரண்டாம் வேற்றுமை. 'மீன் வாங்கினேன்' என்றால் ஏதோ மீன். 'மீனை வாங்கினேன்' என்றால் நமக்குள் ஏற்கெனவே பேசின அந்த மீன், அங்கேதான் 'த' வரும். எல்லா இடத்திலும் இது பொருந்தாது, எழுவாய்க்கு இந்த வித்தை வேலை செய்யாது, ஆனால் செயப்படுபொருளில் சந்தேகம் வந்தால் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். இடப்பெயர்களுக்கு நம் கரையையே வைத்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடா 'த கல்ஃப் ஆஃப் மன்னார்', வங்கக்கடல் 'த பே ஆஃப் பெங்கால்', நடுவில் 'ஆஃப்' வந்தால் முன்னால் 'த'. ஆனால் வடக்குப் பக்கம் இருக்கிற 'பாக் பே'வுக்கு 'த' கிடையாது, பாம்பன் தீவுக்கும் கிடையாது.

கேள்வி: தினமும் ஐம்பது வார்த்தை மனப்பாடம் செய்கிறேன். வார முடிவில் ஐந்துகூட நிற்பதில்லை. என் மூளையில்தான் கோளாறா? (கீழக்கரை வாசகி)

பதில்: மூளை நன்றாகத்தான் இருக்கிறது. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-ல் எழுதி வைத்தார். முதல் ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அப்புறம் மறதி மெதுவாகிறது. நீங்கள் செய்வதும் அதேதான், அர்த்தமில்லாத அசைகளைப் போலப் பட்டியலை விழுங்குகிறீர்கள். ஐம்பதை எட்டாகக் குறையுங்கள். எட்டையும் அன்று ராத்திரி, மூன்றாம் நாள், ஏழாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று நான்கு தடவை பாருங்கள், அதுவும் அர்த்தத்தை மூடி வைத்துவிட்டு.

சொல்லுக்கு ஒரு கதை இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் கடற்கரைக்காரர், உங்களுக்கு அதில் வசதி அதிகம், ஏனென்றால் இங்கிலீஷ் பேசினவர்களும் கப்பல்காரர்கள்தான். 'அரைவ்' என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு அர்த்தம் கரை சேர்வது. 'ஒரு வழியாகக் கரை சேர்ந்துவிட்டான்' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதே கற்பனை. 'ஆப்பர்ச்சூனிட்டி'யின் வேர் துறைமுகத்தைப் பார்த்து வீசுகிற காற்று. 'ஸ்ட்ராண்ட்' என்றால் கடற்கரை, அதனால் 'ஸ்ட்ராண்டட்' என்றால் முதலில் தரைதட்டி நின்ற கப்பல், இப்போது பஸ் கிடைக்காமல் உச்சிப்புளியில் நிற்கிற நாமும். 'லீவே' என்பது ஓட்டுகிற திசையிலிருந்து காற்றுத் தள்ளித் தள்ளிக் கப்பல் பக்கவாட்டில் ஒதுங்குகிற தூரம், இப்போது விட்டுக்கொடுக்கிற இடைவெளி. 'அலூஃப்' என்றால் ஒட்டாமல் விலகி நிற்கிறவர், அது கரையில் மோதாமல் இருக்கக் கப்பலின் முகப்பைக் காற்றுப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்கிற கட்டளையிலிருந்து வந்தது. 'கவர்ன்மென்ட்' வேலைக்குத்தானே இத்தனை பாடு, அந்த 'கவர்ன்' என்பதன் வேர் சுக்கான் பிடிப்பது! 'கேட்டமரான்' நம் கட்டுமரம் என்பது தெரிந்திருக்கும், உங்கள் ஊரில் குளித்தெடுத்த சங்கும் 'சேங்க்' என்று அவர்கள் அகராதிக்குள் போயிருக்கிறது.

மரபுத்தொடரிலும் கடல் வந்துகொண்டேயிருக்கும். 'ஆல் அட் ஸீ' என்றால் திக்குத் தெரியாமல் குழம்பி நிற்பது, 'பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் ஸீ' நம்முடைய இருதலைக்கொள்ளி எறும்பு. இப்படிக் கதையோடு நாற்பது சொல் பிடித்தவருக்கு நானூறு பட்டியல் சொல்லைவிடப் பயன் அதிகம் என்பது என் கட்சி. ஸ்பெல்லிங்குக்கு மட்டும் கதை உதவாது, கையால் எழுதித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: நர்சிங் முடித்தவள். வெளிநாட்டு வேலைக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற இங்கிலீஷ் தேர்வு எழுதுகிறேன். வாசிப்புப் பகுதியில் 'ஃபால்ஸ்' (பொய்), 'நாட் கிவன்' (பத்தியில் சொல்லவில்லை) என்கிற விடைகள் இரண்டையும் எப்போதும் மாற்றிப் போடுகிறேன். (ஏர்வாடி வாசகி)

பதில்: உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். பத்தியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் சேதமடைந்தது. 46 நாளில் சரிசெய்யப்பட்டது.' கேள்வி, 'சரிசெய்ய ஒரு வருடம் ஆனது' என்றால் பத்தியே அதை மறுக்கிறது, 'ஃபால்ஸ்'. 'சரிசெய்ய எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவானது' என்றால் பத்தி வாயே திறக்கவில்லை, 'நாட் கிவன்'. அந்த வேலையை இன்ஜினியர் ஸ்ரீதரன் நடத்தினார் என்பது உங்களுக்கு வேறெங்கோ படித்துத் தெரிந்திருக்கலாம், பத்தியில் இல்லையென்றால் அதுவும் 'நாட் கிவன்'தான். விஷயம் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். 'இது பொய்' என்று தோன்றினால், பொய் என்று காட்டுகிற சொல்லின்மேல் விரலை வையுங்கள். விரல் வைக்க இடம் இல்லையா, 'நாட் கிவன்'. 60 நிமிடத்தில் 40 கேள்வி, தப்புக்கு மைனஸ் கிடையாது, அதனால் ஒன்றையும் வெற்றாக விடாதீர்கள்.

கேள்வி: மைனஸ் மார்க் இருக்கிற தேர்வில் தெரியாத கேள்வியைத் தொடலாமா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்.எஸ்.சி.யில் நான்கு விடை, சரிக்கு 2, தப்புக்கு அரை. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்குப் போட்டால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு, கையில் அரை மார்க் மிஞ்சும். வங்கித் தேர்வில் ஐந்து விடை, சரிக்கு 1, தப்புக்குக் கால், அங்கே கண்ணை மூடினால் மிஞ்சுவது பூஜ்யம். ஒரு விடையையாவது நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் இரண்டிலும் துணிந்து போடலாம். பெரும்பாலான வங்கித் தேர்வுகளின் முதல்நிலையில் இங்கிலீஷ் 30 கேள்விக்குத் தனியாக 20 நிமிடம்தான், ஒரே கேள்வியில் மூன்று நிமிடம் உட்கார்ந்திருப்பது கால் மைனஸைவிட அதிக நஷ்டம்.

கேள்வி: இங்கிலீஷே இல்லாத தேர்வு ஏதாவது இருக்கிறதா அக்கா? (சாயல்குடி வாசகர்)

பதில்: இருக்கிறது தம்பி, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. 200 கேள்வியில் 100 தமிழ், கேள்விக்கு ஒன்றரை மார்க். அந்தத் தமிழ்ப் பகுதியில் 150 மார்க்குக்கு 60 எடுக்கவில்லை என்றால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.