எஸ்டோனியாவின் வரலாற்றையும் பண்பாட்டையும் அந்நிய ஆட்சி எப்படி மாற்றியது?

தலைநகர் தாலினின் பெயரிலேயே பாதி பதில் இருக்கிறது. ‘டேனியர் கோட்டை’ என்றுதான் அதற்குப் பரவலாகப் பொருள் சொல்வார்கள். 1219-இல் டென்மார்க் அரசர் பிடித்த இடம் அது. அப்புறம் ஜெர்மானியப் போர்த்துறவிகள், சுவீடன், 1710 முதல் ரஷ்யா என்று ஆட்சி கைமாறிக்கொண்டே இருந்தது.

ஆனால் கொடியைவிட நிலம்தான் முக்கியம் என்பேன். யார் ஆண்டாலும் பண்ணைகள் ஜெர்மானியப் பிரபுக்கள் கையில்தான். அதில் உழைத்த எஸ்டோனியர்கள் பண்ணையடிமைகள். ‘சாக்ஸ்’ என்ற ஒரே சொல் அவர்கள் பேச்சில் ஜெர்மானியரையும் குறித்தது, எஜமானையும் குறித்தது! பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ‘கோல்’ ஜெர்மன் வழி வந்தது. புத்தகத்தைக் குறிக்கும் ‘ராமத்’ பழைய ரஷ்ய வழி வந்தது. சுவீடன் விட்டுச்சென்றது 1632-இல் தொடங்கிய தார்த்து பல்கலைக்கழகம்.

அதே தார்த்துவில் 1869-இல் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. தார்த்து அடங்கிய அன்றைய ரஷ்ய மாகாணமான லிவோனியாவில் பண்ணையடிமை முறை ஒழிந்த 50-ஆம் ஆண்டு விழா என்று அனுமதி வாங்கினார்கள். ஊர் ஊராக வந்த பாடகர்கள் தங்களை ஒரே இனமாகப் பார்த்துக்கொண்டது அங்கேதான்.

1918-இல் சுதந்திரம் அறிவித்தார்கள். 1940-இல் சோவியத் விழுங்கியது. 1949 மார்ச்சில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நினைத்தாலே மனசு கனக்கிறது. 1988-இல் மக்கள் தாலினின் பாட்டு மைதானத்தில் திரண்டு, தடைசெய்யப்பட்டிருந்த பாடல்களை இரவெல்லாம் பாடினார்கள். மூன்றே ஆண்டுகளில் நாடு மீண்டும் அவர்கள் கைக்கு வந்தது.