போக ஏழு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா?

வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மா முதல்முறையாகத் தனியாகச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வருகிறார். டிக்கெட்டில் இரவு 11.15க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.00க்குச் சேரும் என்றிருக்கிறது. திரும்பும்போது இரவு 8.00க்குக் கிளம்பி 9.35க்கே சென்னை! ஆனால் இணையத்தில் தேடினால் 2,900 கி.மீ., மூன்றரை மணி நேரம் என்று வருகிறது. எதை நம்புவது?"

மூன்றையும் நம்ப வேண்டாம். போகவும் சரி, வரவும் சரி, அம்மா இருக்கையில் உட்கார்ந்திருக்கப் போவது நாலு மணி நேரத்தை ஒட்டித்தான்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 6.00 என்றால் சென்னையில் விடிகாலை 3.30. இரவு 11.15லிருந்து எண்ணிப் பாருங்கள், நாலேகால் மணி நேரம். வரும்போது அங்கே இரவு 8.00 என்பது இங்கே மாலை 5.30, 9.35 வரை நாலு மணி ஐந்து நிமிடம். (உறவில் பழைய சிங்கப்பூர்க்காரர் யாராவது "ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்" என்றால் அவர் சொல்வதிலும் தப்பில்லை. 1982 தொடக்கத்தில்தான் அங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள்.)

அப்புறம் அந்த மூன்றரை. தூரத்தை விமானத்தின் வேகத்தால், அதாவது மணிக்குச் சுமார் 850 கி.மீ.யால், வகுத்தால் அதுதான் வரும். ஆனால் விமானம் எடுத்த எடுப்பில் அந்த வேகத்தைப் பிடிப்பதில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலேற வேண்டும், அந்தப் பக்கம் இறங்க வரிசையில் காத்திருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த வாயிலில் நிற்பதுவரை கணக்கிட்டு, தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டே நேரம் போடுகின்றன.

காற்றும் கொஞ்சம் விளையாடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாம் தரையில் உணர்வது மேற்கிலிருந்து வரும் காற்று. ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து பலமாக அடிக்கும். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. இந்தத் தடத்தில் அதனால் வரும் வித்தியாசம் சில நிமிடங்கள்தான், கவலைப்பட ஒன்றுமில்லை.

நான் உண்மையில் பயப்படுவது தேதிக்குத்தான். உங்களுடையது 11.15 என்பதால் தப்பித்தீர்கள். நிறுவனம் நேரத்தை மாற்றி 12.15 ஆக்கினால் டிக்கெட்டில் தேதி ஒன்று கூடிவிடும். 15ஆம் தேதி 00.15 என்றிருந்தால் 14ஆம் தேதி இரவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றவர்கள் நிறையப் பேர். அம்மாவை மூன்று மணி நேரம் முன்னதாகவே, அதாவது இரவு 8.15க்குள், விமான நிலையத்தில் விடச் சொல்லுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பும் வேலையை நீங்களே செய்துவிடுங்கள். வந்து சேர்வதற்கு முன்பே, அந்த நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் அது தவறான தளம்.

மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். சாங்கி விமான நிலையத்தில் காலை 6.00க்கே வெளிவாசலில் போய் நிற்காதீர்கள். குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடித்து அம்மா வெளியே வர ஏழு மணியாவது ஆகும்.