பையன் வெளியே வந்தபிறகு ஆகும் செலவை யாரிடம் கேட்பது?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் ஒரு சிறிய சங்கம் நடத்துகிறோம், முறையாகப் பதிவு பெற்றது. நீதிமன்ற உத்தரவில் சிறாரை வைத்துத் திருத்தும் சுங்கை பீசி துனாஸ் பக்தி பள்ளியில் இருக்கும் நம் பையன்களுக்கு வார இறுதியில் பாடம் சொல்லித் தருகிறோம். உள்ளே இருக்கும்வரை ஒழுங்காக இருக்கிறார்கள். வெளியே வந்து கொஞ்ச நாளில் பழைய கூட்டாளிகளோடு சேர்ந்துவிடுகிறார்கள். வெளியிலும் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது, எப்படிக் கேட்பது?

பதில்: தன்முனைப்பு முகாம், ஊக்க உரை, தீபாவளி விருந்து என்று மனுப் போடுவதை முதலில் நிறுத்தி வையுங்கள். அதற்கெல்லாம் பணம் தர ஆள் எப்போதும் உண்டு, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் இல்லையா. பையன் தடுமாறுவது வெளியே வந்த முதல் சில மாதங்களில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதங்களுக்குத்தான் பணம் கேட்க வேண்டும். அதில் பெரும்பகுதி ஓர் ஆளின் சம்பளமாக இருக்கும்.

ஏன் சம்பளம்? பையன் வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 12 வயதில் எடுத்த அடையாள அட்டையான மைகார்டை 18 வயதானதும் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும்போதே 18 ஆகிவிட்டால் கையில் இருப்பது சின்னப் பையன் முகம் போட்ட பழைய அட்டை. அதைக் காட்டி வங்கிக் கணக்குத் திறக்கப் போனால் இழுபறி. கணக்கு இல்லாவிட்டால் ‘சம்பளத்தை எங்கே போடுவது’ என்று முதலாளி கேட்பார். அப்புறம் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ், ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வுக்குத் தனித் தேர்வராகப் பதிவு, தொழிற்பயிற்சிக் கல்லூரி நேர்காணல். எல்லாமே வேலைநாளில் அலுவலக நேரத்தில் வரிசையில் நின்று செய்கிற காரியங்கள். உங்கள் தொண்டர்கள் அந்த நேரத்தில் அவரவர் வேலையில் இருப்பார்கள். அம்மா லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. கூடப் போக ஒரு முழுநேர ஊழியர் வேண்டும்.

கணக்கு இப்படி வரும். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் என்றால் சங்கம் கட்ட வேண்டிய ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 390 ரிங்கிட். சொக்சோ எனும் தொழிலாளர் காப்பீட்டுச் சந்தாவும் சேர்ந்தால் ஆண்டுக்கு 41 ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். 12 பையன்களுக்கு ஆறு மாதம் மை50 எனும் மாதாந்தர ரயில், பஸ் பயண அட்டை வாங்கித் தந்தால் 3,600 ரிங்கிட். போன் கட்டணம், அடையாள அட்டை, லைசென்ஸ், வேலைக்கான சப்பாத்து இவற்றுக்குத் தலைக்கு ஒரு தொகை. சம்பளத்தை ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பில் ஒளித்து வைக்காதீர்கள். திட்டமே அந்த ஆள்தான் என்று மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒரு சிக்கலை மறக்கக் கூடாது. துனாஸ் பக்தி பள்ளிக்கு அனுப்பும் உத்தரவு மூன்று ஆண்டுக்கு என்றாலும் பள்ளியை மேற்பார்வையிடும் வருகையாளர் வாரியம் அதைக் குறைக்கலாம். யார் எப்போது வருவார் என்று ஜனவரியிலேயே சொல்ல முடியாது. அதனால் பணம் கிடைக்கும் வரிசை முக்கியம். கையில் மூன்று மாதச் செலவு எப்போதும் இருக்க வேண்டும், அதை அரசு மானியத்தை நம்பி வைக்க முடியாது. கோயில் நிர்வாகம், கடைக்காரர்கள், மாதம் 50 ரிங்கிட் தரும் பழைய மாணவர்கள் என்று அதற்குத் தனியாகச் சேருங்கள். அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுப்பவர் ‘கேஸ்’ பையன் என்றதும் பையை மூடுவார், தெரிந்ததுதான். ‘ஒரு பையனின் ஆறு மாதப் பயணச் செலவு 300 ரிங்கிட்’ என்று கேட்டால் அவரே கொடுப்பார். தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியல் குலுக்குவதானால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும்.

அடுத்தது சமூக நலத்துறையான ஜேகேஎம். தொண்டூழிய நல அமைப்புகளுக்கு அவர்கள் மானியம் தருகிறார்கள். பணம் கிடைக்காவிட்டாலும் அவர்களிடம் போய்த்தான் ஆக வேண்டும்: பள்ளி அவர்களுடையது, நன்னடத்தை அதிகாரியும் அவர்களுடையவர். விடுதலைக்கு முன்பே பையனைச் சந்தித்துத் திட்டம் போட ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். மற்ற நிதியாளர்கள் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.

இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தந்த ஆண்டின் விண்ணப்ப அறிவிப்பில் சம்பளத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயிற்சிக் கட்டணத்தை மட்டும் அங்கே கேளுங்கள். அரசு முதலீட்டு நிறுவனமான கசானாவின் யாயாசான் ஹசானா போன்ற அறக்கட்டளைகள் கணக்கறிக்கை சுத்தமாக இருந்தால் பேசுவார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்கு அறிக்கை போயிருக்க வேண்டும், இதில் கோட்டை விடும் நம் சங்கங்கள் அதிகம். பெரிய கம்பெனிகளிடம் போக ஆசை இருந்தால் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பியுங்கள். கொடுப்பவர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம்.

வேலை தருபவர்களையும் நிதியாளர் கணக்கில் சேருங்கள். சிறைத்துறையின் சிறார் பள்ளியான ஹென்றி கர்னியிலிருந்தும் ஜேகேஎம் மறுவாழ்வு நிலையங்களிலிருந்தும் வருபவர்களை வேலைக்கு எடுத்தால் கூடுதல் வரிக்கழிவு என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று வரி வாரியத்தில் கேட்டுக்கொண்டு முதலாளியிடம் பேசுங்கள்.

கடைசியாக, படம். ‘பையன்களோடு ஒரு போட்டோ போடுங்கள்’ என்று கொடையாளர் கண்டிப்பாகக் கேட்பார். சிறார் சட்டம் 2001, பிரிவு 15 அதைத் தடுக்கிறது: வழக்கில் உள்ள சிறாரை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ வெளியிட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பின்னால் நின்று முதுகைக் காட்டினாலும் உடம்பில் குத்திய பச்சையும் பின்னால் இருக்கும் குடியிருப்பும் தெரிந்தால் ஊருக்குத் தெரியாதா என்ன! படத்துக்குப் பதில் எண்ணிக்கையைக் கொடுங்கள்: வெளியே வந்தவர் எத்தனை பேர், மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் வேலையிலோ படிப்பிலோ இருப்பவர் எத்தனை பேர், போனையே எடுக்காமல் போனவர் எத்தனை பேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கம் போதும், கணக்கறிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள்.