தடுப்பூசி போட்டும் காய்ச்சல் வருவது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு ஒருமுறை டெங்கு வந்து குணமாகிவிட்டது. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிறார்கள் சிலர். இரண்டாவது முறைதான் ஆபத்து என்கிறார்கள் வேறு சிலர். தடுப்பூசி வந்துவிட்டதாகவும் படித்தேன். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இரு தரப்பார் சொல்வதிலும் பாதி உண்மை. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. உங்களுக்கு எந்த வகை வந்ததோ, அது மறுபடி வராதபடி நீண்டகாலப் பாதுகாப்பு கிடைத்துவிடும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும். அதன்பின் வேறொரு வகை தொற்றினால், முதல் தொற்றின்போது அதை எதிர்க்க உடல் உருவாக்கிய புரதம், அதாவது பழைய எதிர்ப்பொருள், புதிய வைரஸில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை முடக்காது. அந்த எதிர்ப்பொருளையே பிடியாக வைத்துக்கொண்டு வைரஸ் வெள்ளணுக்களுக்குள் சுலபமாக நுழைந்து பெருகும். இரண்டாம் டெங்கு சிலருக்குக் கடுமையாவது இதனால்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். மூன்றாவது, நான்காவது முறை வந்தால் பொதுவாக லேசாகப் போய்விடும்.

டெங்கு தடுப்பூசி இத்தனை ஆண்டுகள் இழுத்தடித்ததும் இதே காரணத்தால்தான். முதலில் வந்த டெங்வாக்ஸியாவை 2016 முதல் பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். முன்பு டெங்குவே வராத குழந்தைகளுக்கு இந்த ஊசி 'முதல் டெங்கு' போல வேலை செய்கிறது, பிறகு உண்மையான டெங்கு வந்தால் அது கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. அதன்பின் எந்த டெங்கு தடுப்பூசி ஆய்வைப் படித்தாலும் நிபுணர்கள் முதலில் தேடுவது, 'முன்பு டெங்கு வராதவர்களுக்கு என்ன ஆயிற்று?' என்ற வரியைத்தான்.

இரண்டாவதாக வந்தது கியூடெங்கா. 3 மாத இடைவெளியில் 2 ஊசி. நாலரை ஆண்டுக் கண்காணிப்பில் டெங்குவை 61 சதவீதமும், மருத்துவமனையில் சேரும் அளவுக்கான டெங்குவை 84 சதவீதமும் குறைத்தது. ஆனால் முன்பு டெங்கு வராதவர்களிடம் மூன்றாம் வகைக்கு எதிராகப் பலன் தெரியவில்லை. நான்காம் வகையில் முடிவு சொல்லும் அளவுக்கு நோயாளிகளே இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் என்று சொல்லாமல், டெங்கு மிக அதிகமாகப் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு என்று வரையறுத்தது.

மூன்றாவது, பிரேசிலின் புட்டான்டன் நிறுவனம் உருவாக்கியது. ஒரே ஊசி. இரண்டு ஆண்டு ஆய்வில் மொத்தப் பாதுகாப்பு 79.6 சதவீதம், முன்பு டெங்கு வந்தவர்களிடம் 89.2, வராதவர்களிடம் 73.6. அந்தக் காலத்தில் அங்கே பரவியது முதல் இரண்டு வகைகள் மட்டும் என்பதால், மற்ற இரண்டுக்கு இந்த எண்கள் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 நவம்பரில் பிரேசில் இதற்கு 12 முதல் 59 வயது வரை அனுமதி தந்தது.

உங்கள் கேள்விக்கு வருவோம். ஏற்கெனவே டெங்கு வந்தவர் என்பதால் இந்த ஊசிகளால் அதிகம் பயன்பெறும் பிரிவில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் நாட்டில் எந்த ஊசிக்கு, எந்த வயதுக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். மூன்றுமே உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆனவை. கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் போடக் கூடாது.

கேள்வி: டெங்குவில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 20,000-க்குக் கீழே போனால் உடனே தட்டணு ஏற்ற வேண்டாமா?

பதில்: ரத்தக்கசிவு இல்லை என்றால், எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதில் பலன் இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை. ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின.

எல்லோரும் தட்டணு எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கையில் கவனிக்காமல் விடுவது ஹிமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும். இது பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகு, 3 முதல் 7-ஆம் நாளுக்குள் நடக்கும். 'காய்ச்சல் போய்விட்டதே' என்று வீடு நிம்மதியாகும் நேரமும் அதுதான். விடாத வயிற்று வலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறில் ரத்தம், அசதியாகச் சுருண்டு படுப்பது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுப்ரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

கேள்வி: என் மகளுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்கிறோம். இப்போது காய்ச்சல், வைடால் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ஊசி வீணா?

பதில்: முதலில் வைடாலைச் சந்தேகப்படுங்கள், ஊசியை அப்புறம் பார்க்கலாம். அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை, எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. முன்பு எப்போதோ வந்த தொற்று, டைஃபாய்டு கிருமியின் குடும்பமான சால்மோனெல்லாவில் வேறொரு வகை, மலேரியா எதுவாக இருந்தாலும் பாசிட்டிவ் காட்டும். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளில் எடுத்த ஒற்றை வைடாலை வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டுவது எங்கள் பார்வையில் ஊகம்தான்.

நம்பத் தகுந்தது ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. அதுவும் சுமார் பாதிப் பேரிடம்தான் கிருமியைப் பிடிக்கும். டைஃபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம். ஆகவே அளவு முக்கியம்: பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, குழந்தைகளுக்கு எடைக்கேற்ப. 2 மில்லி மட்டும் எடுத்து பெரியவர்களின் பாட்டிலில் ஊற்றினால் 'வளர்ச்சி இல்லை' என்று வருவதில் ஆச்சரியமில்லை. ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளைக்கு முன்பே ரத்தம் எடுத்தாக வேண்டும்.

ஊசி விஷயம். இப்போதுள்ள கான்ஜுகேட் ஊசி, கிருமியின் மேலுறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்தது. 6 மாதக் குழந்தைக்கும் ஒரே டோஸ். புரதம் சேராத பழைய ஊசி 2 வயதுக்குக் கீழ் வேலை செய்யாது, 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். கான்ஜுகேட் ஊசியின் பாதுகாப்பு நேபாளத்தில் 81.6 சதவீதம் என்று பதிவானது. மலாவியில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் 78 சதவீதம் இருந்தது. வங்கதேசத்தில் மட்டும், மிகச் சிறு வயதில் போட்டவர்களிடம் சில ஆண்டுகளில் அது இறங்குவது தெரிந்தது. பூஸ்டர் பேச்சு அங்கிருந்துதான் வலுத்தது. ஆக, போட்ட பிறகும் ஐந்தில் ஒரு பங்கு ஆபத்து மிச்சம் இருக்கும். டைஃபாய்டைப் போலவே இருக்கும், வேறொரு சால்மோனெல்லாவால் வரும் பாராடைஃபாய்டை இந்த ஊசி தடுக்காது. அறிகுறியை வைத்து இரண்டையும் பிரிக்கவும் முடியாது.

இன்னொன்று: சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் டைஃபாய்டு காய்ச்சல் இறங்க 4 முதல் 6 நாள் ஆகும். இரண்டாம் நாளே மருந்தை மாற்றச் சொல்லி நெருக்காதீர்கள்.

கேள்வி: குழந்தைக்குத் தடுப்பூசி போடும் முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிடலாமா?

பதில்: பொதுவாக வேண்டாம். 2009-இல் வெளிவந்த செக் நாட்டு ஆய்வில், ஊசி போட்ட முதல் 24 மணி நேரத்தில் பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது. கூடவே சில கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருளும் குறைந்தது. காய்ச்சல் வந்து குழந்தை சிணுங்கினால் அப்போது கொடுங்கள். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான மெனிங்கோகாக்கஸ் பி ஊசி விதிவிலக்கு. அதில் காய்ச்சல் அடிக்கடி வரும் என்பதால் பிரிட்டனில் கைக்குழந்தைகளுக்கு முன்கூட்டியே கொடுக்கச் சொல்கிறார்கள்.

அளவுதான் வழக்கமாகத் தப்பாகும் இடம். எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணிக்கு ஒருமுறை, நாளுக்கு அதிகபட்சம் 4 வேளை. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. சிரப் அளவை மனதில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் ஒரே வேளையில் 600 மில்லிகிராம் உள்ளே போகும், இப்படியே தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. பாட்டிலில் பெயரைப் படிப்பதோடு நிற்காமல் 'ஒவ்வொரு 5 மில்லியிலும்' என்று தொடங்கும் வரியையும் படியுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஊசிக்குப் பின் காய்ச்சல் 5 முதல் 12 நாள் கழித்து வரலாம். அந்த வைரஸ் உடலில் பெருகப் பிடிக்கும் நேரம் அது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டால், ஊசியால் வந்தது என்று நீங்களே தீர்மானிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்கா போகிறேன். மலேரியா தடுப்பூசி எனக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 2021-இல் ஆர்டிஎஸ்எஸ், 2023-இல் ஆர்21 என இரண்டு ஊசிகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டும் மலேரியா பரவும் பகுதியிலேயே வாழும் சிறு குழந்தைகளுக்கானவை, மலேரியா கிருமிகளில் ஃபால்சிபாரம் என்ற வகைக்கு மட்டுமானவை. பயணிக்கு மாத்திரைதான். டாக்ஸிசைக்ளின் என்றால் கிளம்ப ஓரிரு நாள் முன் தொடங்கி, தினமும், திரும்பிய பின்னும் 4 வாரம். அட்டோவாகோன்–புரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள் போதும். ஊர் திரும்பியதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கடைசி நாள் கடித்த கொசு விட்ட கிருமி முதலில் கல்லீரலில் வளரும். ரத்தத்துக்கு வரும்போது டாக்ஸிசைக்ளின் அங்கே காத்திருக்க வேண்டும். அடுத்த ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால் பயணத்தைப் பற்றி மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஊசி உண்டா?

பதில்: இல்லை. சிறு பூச்சி கடித்துப் பரவும் பாக்டீரியா காய்ச்சல் இது. கிருமியில் ரகம் அதிகம், ஒரு ரகத்துக்கு வரும் எதிர்ப்பாற்றல் இன்னொன்றுக்கு உதவாது. சிகிச்சையில்தான் நல்ல செய்தி. இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் கடுமையான நோயாளிகள் 794 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாக 7 நாள் சேர்த்துக் கொடுத்தது, தனித்தனியாகக் கொடுத்ததைவிடச் சிறப்பாக வேலை செய்தது. இறப்பு, ஏழாம் நாளில் சிக்கல், ஐந்தாம் நாளிலும் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் சேர்த்துக் கொடுத்ததில் 33 சதவீதம், தனித்தனியாகக் கொடுத்ததில் 47, 48 சதவீதம்.

பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கும். வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பில் துணி இறுகும் இடத்தில் தேடுங்கள். சட்டையைக் கழற்றாமல் பார்த்தால் தெரியாது. பென்சிலின், செஃப்ட்ரியாக்ஸோன் வகை மருந்துகள் இதற்குப் பலிக்காது.

கேள்வி: ஃப்ளூ ஊசி முன்பு நான்கு வகைக்கு இருந்தது, இப்போது மூன்றுக்கு என்கிறார்கள். தரம் குறைந்துவிட்டதா?

பதில்: இல்லை. நான்காவதான பி யமகாட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. இல்லாத வைரஸுக்கு ஊசி எதற்கு? பலன் வர 2 வாரம் ஆகும். 9 வயதுக்கு உட்பட்டோர் முதல்முறை போடும்போது 4 வார இடைவெளியில் 2 டோஸ்.

கேள்வி: ஊசி கெட்டுப்போகவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பல குப்பிகளின் லேபிளிலோ மூடியிலோ ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ, அதைவிடக் கருத்துவிட்டாலோ போடக் கூடாது. ஆனால் இது சூட்டை மட்டுமே காட்டும். உறைந்துபோனதைக் காட்டாது. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய குப்பி ஐஸ் கட்டியை ஒட்டி உறைந்தால், அலுமினிய உப்பு சேர்த்த ஊசிகள் வீரியம் இழக்கும். சந்தேகம் வந்தால் செவிலியர் அதே பேட்சில் இன்னொரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, உருக்கி, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் வரை பார்ப்பார். இரண்டிலும் மண்டி ஒரே வேகத்தில் அடியில் இறங்கினால் அந்தக் குப்பி குப்பைக்கு. பொடியாக வரும் தட்டம்மை ஊசியை, அதற்கென்றே வந்த திரவத்தில் கரைத்து 6 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். எத்தனை மணிக்குக் கரைத்தது என்று குப்பியில் எழுதியிருக்கிறார்களா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.