புதுக்கடையில் எதைக் கேட்பார்கள்?

அன்பின் ஐயாவுக்கு,
வெல்லாவெளிப் பக்கம் எங்கள் அப்பப்பாவின் வயல். பங்கு பிரிக்கவில்லை. 1990 இல் போரால் நாங்கள் இடம்பெயர்ந்தோம். பெரியப்பா மட்டும் நின்று செய்தார். நீண்டகால ஆட்சியால் காணி அவருடைய பிள்ளைகளுக்கே என்று மாவட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது, மேன்முறையீட்டிலும் தோற்றோம். உயர் நீதிமன்றத்திலாவது எங்கள் கதையை முழுதாகச் சொல்ல விடுவார்களா? புதுச் சாட்சி கொண்டு போகலாமா?
ஒரு வாசகர், மட்டக்களப்பு

அன்புத் தம்பி,
விடமாட்டார்கள். புதுச் சாட்சியை ஏற்பதும் மிக அரிது. கொழும்பு புதுக்கடையில், அதாவது உயர் நீதிமன்றத்தில், நீதியரசர்கள் முன்னால் இருப்பது கீழ் நீதிமன்றங்களில் பதிவான வழக்கேடுதான். முதலில் மேன்முறையீட்டுக்கு அனுமதி எடுக்கவேண்டும்: தீர்ப்புத் திகதியிலிருந்து 42 நாட்களுக்குள் மனு. கனமான சட்டக் கேள்வி இருக்கிறது என்று காட்டினால் அதை எழுதிவைப்பார்கள். பிறகு வாதமெல்லாம் அதற்குள்தான்.

உங்களிடம் அந்தக் கேள்வி இருக்கிறது. கூட்டு உரிமையாளர் ஒருவரின் ஆட்சி எல்லாருக்குமான ஆட்சி. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களை விலக்கினால் ஒழிய, 10 வருடம் ஆண்டால் காணி சொந்தம் என்கிற சட்டம் அவருக்குக் கைகொடுக்காது. 1911 இல் கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது இது. (நம் கடைசி நீதிமன்றம் அப்போது லண்டனில் இருந்தது.) ஆனால் 1918 இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கு ஒரு கதவைத் திறந்தது: நெடுங்காலம் தனியே ஆண்டு, சூழ்நிலையும் பொருந்தினால், விலக்கியதாக ஊகிக்கலாம். எதிர்த்தரப்பு இதைத்தான் பிடிக்கும்.

உயிருக்குப் பயந்து ஓடியவர்கள் வாய்திறக்காமல் இருந்ததை வைத்து அப்படி ஊகிக்கலாமா? உங்கள் சட்டத்தரணி நிற்கவேண்டிய இடம் அதுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எத்தனை வட்டைகளுக்கு (வயல்வெளிகளுக்கு) இதே நிலை! இதைக் கேட்டே ஆகவேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் நீங்கள் இடம்பெயர்ந்தது சாட்சியத்தில் பதிவாகியிருக்கிறதா? யார் சொன்னது, வழக்கேட்டில் எத்தனையாம் பக்கம்? “பெரியப்பா விளைச்சலில் பங்கு தந்தாரா?” என்று நீதியரசர் இடைமறித்தால், “தந்தார், இன்ன பக்கம்” என்று உடனே பதில் வரவேண்டும். “அதற்குப் பிறகு வருகிறேன்” என்றால் காரியம் கெட்டுவிடும். தரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும். தமிழில் சொன்ன சாட்சியம் அங்கே ஆங்கிலத்தில்தான் வாசிக்கப்படும். சட்டத்தரணியோடு உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிடுங்கள்.

தீர்ப்புத் திகதியை நீங்கள் எழுதவில்லை. 42 நாளில் எத்தனை மிச்சம் என்று இன்றைக்கே எண்ணுங்கள். தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்தாயிற்றா என்றும் கேளுங்கள்.